கொப்பி இல்லாத ஐம்பத்தொரு நாள்

யாழ்ப்பாணத்தில் காலை பத்து மணி என்றால் பாரிசில் ஆறரை. தவரத்தினம் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு எடுத்தார்.

சிவக்கொழுந்து பேசினார். புதன்கிழமை இறந்துபோன வரதராசாவின் அக்கா. எழுபது வயது மனுசி. தம்பியின் முகத்தை ஒருமுறை பார்ப்பதற்காகக் காலையிலேயே பஸ் பிடித்து நகருக்கு வந்து, காசு கட்டி இணையம் பார்க்கும் ஒரு நெற் கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, படம் திறக்குதில்லை. வெள்ளையா நிக்குது. முந்தி ஒருக்கா எனக்காகச் சரியாக்கித் தந்தனீங்கள் எல்லே, அப்பிடி ஒருக்காச் செய்துவிடுங்கோ. நான் இஞ்சையே இருக்கிறன்.”

பார்க்கிறேன் என்றார் தவரத்தினம். நேரம் எடுக்கும், வீட்டுக்குப் போங்கோ என்றும் சொல்லிப் பார்த்தார். வந்தது வந்தாயிற்று, இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்று சிவக்கொழுந்து சொல்லிவிட்டார். படங்கள் இருந்த தளம் முதல்நாள் மாலையே நின்றுவிட்டது என்பது தவரத்தினத்துக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்தத் தொடர்கதையோடு கூடவே நடந்து வருபவர்களுக்கு இவரைத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பாரிசின் லா சப்பலில் இருபது வருடமாகப் படக்கடை வைத்திருப்பவர் தவரத்தினம். கலியாணம், பூப்புச் சடங்கான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எங்கள் சனம் கூடுகிற இடமெல்லாம் கமராவோடு நிற்பார். மனைவி கோசலை, மகள் சாம்பவி. புறநகரான லெ பிளாங்-மெனிலில் வீடு. சாம்பவி பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள், மாலையில் அப்பாவின் கடைக்கு இணையத்தளம் நடத்துகிறாள். எடுத்த படங்களையெல்லாம் அதில் ஏற்றிவிட்டால் கனடா, லண்டன், யாழ்ப்பாணம் என்று எங்கே இருந்தும் உறவுகள் பார்க்கலாம்.

தவரத்தினத்தின் ஒரே தங்கை கௌரி. இன்னொரு புறநகரான கார்ஜ் லே கொனெஸில் ஏழாம் மாடியில் இருக்கிறாள். அவளுடைய கணவர்தான் வரதராசா. அவர்களுடைய மகள் துஷாந்திக்கு ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி மெரி என்னும் நகரசபையில் பதிவுத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை கனடா. விசாக் காகிதங்களுக்காக முதலில் பதிவு, தையில் கோயிலில் தாலி என்று ஏற்பாடு. வீடியோ எல்லாம் தைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் படம் மட்டும் தவரத்தினம் எடுத்தார். மாமன் எடுக்கிறார் என்று வேறு யாரும் கமராவைத் தூக்கவில்லை.

இந்தப் புதன்கிழமை மதியம், தான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் வரதராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் வைத்து முடிந்துவிட்டது என்றார்கள். கௌரிக்கு ஐம்பது வயது.

இனி, தொலைபேசி அடித்த இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்; அதற்கு முன் வரதராசாவைப் பற்றிக் கொஞ்சம்.

வரதராசாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேரே குசினிக்குப் போய்விடுவார். சோற்றுக் கிடாரம் இறக்குவது, பந்தி பார்ப்பது, கடைசியில் பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்தான். படம் எடுக்கக் கூப்பிட்டால், இந்தா வாறன் என்பார். வரமாட்டார். மைத்துனர் படக்காரர், இவருக்கோ இருபது வருடத்தில் உருப்படியாக ஒரு படம் கிடையாது. அவருடைய கலியாண அல்பம் இடம்பெயர்ந்தபோதே போய்விட்டது.

மெரியில் குசினி இல்லை. அதனால் அன்றைக்கு மனுசன் அகப்பட்டார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வெளிப்படியில் நின்றார். டை கோணலாக இருக்கிறது என்று துஷாந்தி சரிசெய்ய, இருவரும் எதற்கோ சிரித்தார்கள். தவரத்தினம் அதை எடுத்தார். பிறகு தனியாகவும் எடுத்தார். வரதராசா முதல்முறையாகக் கமராவை நேரே பார்த்தார். தன் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்கள் எவை என்று யாராவது கேட்டிருந்தால் தவரத்தினம் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

அந்தப் படந்தான் கௌரிக்கு வேண்டும். மரண அறிவித்தலுக்கும், லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டும் தாளுக்கும், செத்தவீட்டில் மாலை போட்டு வைப்பதற்கும். தாள் அடிக்கும் கடைக்காரர் ஐந்து மணிக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

படம் எங்கே போயிற்று? அதைச் சொன்னால்தான் தவரத்தினம் ஏன் தொலைபேசியைக் கண்டு பயந்தார் என்பது விளங்கும்.

ஓகஸ்ட் மாதம் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆவணி முகூர்த்தம் ஒன்றையும் யாரும் விடவில்லை. கடைக் கணினி நிரம்பிவிட்டது. இணையத்தளத்தில் ஏற்றிய படங்களைக் கணினியில் இருந்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த கலியாணத்தை இறக்கினார். கமராவின் அட்டைகளுக்கும் அதே கதிதான். தளத்தில் பத்திரமாக இருக்கிறதே, இரண்டு இடத்தில் எதற்கு என்பது அவர் கணக்கு. தளத்தை வைத்திருக்கும் கம்பனியும் ஒவ்வொரு நாளும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்தது. சாம்பவி அதைச் சோவ்கார்ட் என்பாள். தவரத்தினத்துக்கு அது கொப்பி.

கொப்பி எடுப்பதில் ஒரு தொல்லை இருந்தது. அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கினால் அத்தனை பெரிய படங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து முடிக்க ஆறு மணித்தியாலம் ஆகும். அதுவரை தளம் நகராது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டே சரக்கு எண்ணினால் வாசலில் நிற்கிற ஆளுக்கு யார் சாமான் கொடுப்பது? பிரெஞ்சுக்காரர்களின் தளம் என்றால் அந்த நேரம் எல்லாரும் தூங்குவார்கள். எங்கள் ஆட்கள் அப்படியா? பாரிசில் மூன்று மணி என்றால் கனடாவில் வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்க உட்காரும் நேரம். அவர்கள் எழும்பிப் போக யாழ்ப்பாணத்தில் நெற் கடை திறந்துவிடும். எந்த நேரத்துக்கு மாற்றினாலும் அது யாரோ ஒரு மாமிக்கு நல்ல நேரம்.

ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதி மாலை வரதராசா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அக்கா நெற் கடையில் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தாவாம், துஷாந்தியின் நெற்றிப்பொட்டு வரைதான் படம் வந்ததாம், பிறகு அப்படியே நின்றுவிட்டதாம் என்றார். ஏதாவது செய்ய ஏலுமோ மச்சான் என்று கேட்டார். இருபத்தைந்து வருட உறவில் வரதராசா தவரத்தினத்திடம் வாய்திறந்து கேட்ட முதல் உதவி அதுதான்.

தவரத்தினம் மகளைக் கூப்பிட்டுக் கொப்பியை நிற்பாட்டச் சொன்னார். சாம்பவி முணுமுணுத்தாள். ஒரு கிழமைக்குத்தான் என்று நிபந்தனை போட்டுவிட்டு நிற்பாட்டினாள். மறுநாள் தளம் பறந்தது. சிவக்கொழுந்து அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பார்த்துவிட்டு அழுதாராம். ஒரு கிழமை இரண்டாகி, இரண்டு ஏழாயிற்று. கொப்பியைத் திரும்பத் தொடங்கலாமா என்று சாம்பவி கேட்டபோதெல்லாம் தவரத்தினம், பொறு, அல்பத்துக்குப் படம் தெரிவு செய்யட்டும் என்றார். அந்தத் தெரிவு டொரொன்டோவுக்கும் கார்ஜுக்கும் இடையில் போய்வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒரு பட்டியல் அனுப்ப, கௌரி ஒன்று அனுப்ப, ஒரு படமும் காகிதத்தில் அச்சாகவில்லை.

வியாழக்கிழமை செய்தி பரவியதும் உறவெல்லாம் தளத்தைத் திறந்தது. எல்லாருக்கும் வரதராசாவின் முகம் வேண்டியிருந்தது. தளம் மதியத்தில் இழுக்கத் தொடங்கி, பின்னேரம் முக்கி, ஏழு மணிக்கு நின்றேவிட்டது. சனம் கூடியதால்தான் மெதுவாயிற்று என்று தவரத்தினம் நினைத்தார். உள்ளே டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பாவும் மகளும் கடையில் இருந்தார்கள். சாம்பவி அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். கதவில் பூட்டியிருக்கிறது என்ற பலகையைத் தொங்கவிட்டு, கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். காத்திருக்கச் சொல்லி முப்பத்தைந்து நிமிடம் பியானோ கேட்டது. தவரத்தினம் கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாக இருந்தார்.

ஆலீஸ் என்ற பெண் இணைப்பில் வந்தாள். நல்ல பெண். குரலில் அவசரம் இல்லை, எரிச்சலும் இல்லை. இயந்திரத்தின் டிஸ்க் போய்விட்டது, புதியது மாற்றிவிட்டார்கள், நகலில் இருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடலாம், ஒரு நிமிடம் என்றாள். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது. ஓகஸ்ட் முப்பத்தொன்று, இரவு எட்டு மணி பத்து நிமிடத்துக்கு உங்கள் பெயரில் நகல் நிறுத்தப்பட்டிருக்கிறதே மதாம் என்றாள்.

சாம்பவிக்குத் தெரியும். அன்றைக்கு வரை எடுத்தது இருக்கும் அல்லவா, அதுவே போதும் என்றாள். படங்கள் இருபத்தொன்பதாம் திகதி ஏறியவை. அவளுடைய நம்பிக்கை முழுக்க அதில்தான் இருந்தது.

நகல்களை முப்பது நாள்தான் வைத்திருப்பார்களாம். புதியது வரவர பழையது கழியும். புதியது வராவிட்டாலும் பழையது கழியும். கடைசி நகல் செப்டம்பர் முப்பதாம் திகதி தானாக அழிந்துவிட்டது. அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே எச்சரித்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம் என்று ஆலீஸ் சொன்னாள்.

பழைய டிஸ்க்கையாவது தாருங்கள், எங்காவது கொடுத்துப் பார்க்கிறோம் என்று சாம்பவி கேட்டாள். கழற்றிய டிஸ்க்கைக் கொடுப்பது வழக்கமில்லை, அதை உடைத்துத்தான் எறிவோம் என்றாள் ஆலீஸ். சாம்பவி கெஞ்சினாள். எங்கள் வீட்டில் சாவு நடந்திருக்கிறது என்று சொன்னாள். ஆலீஸ் தன் அனுதாபத்தைத் தெரிவித்தாள், உண்மையாகவே தெரிவித்தாள், ஆனால் விதியை அவள் எழுதவில்லை. கடைசியில், புது டிஸ்க்கோடு இயந்திரம் தயாராக இருக்கிறது, இனிமேல் நகல் வேண்டுமா என்று கேட்டாள்.

சாம்பவி வேண்டும் என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் கடையின் மின்னஞ்சலைத் திறந்து செப்டம்பருக்குப் போனாள். இருபத்துமூன்றாம் திகதி, கம்பனியின் கடிதம் இருந்தது. மை விற்பவன், காகிதம் விற்பவன் என்று விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. யாரோ திறந்து படித்த அடையாளம் அதில் இருந்தது. அந்த மின்னஞ்சலைப் பார்க்கிற ஒரே ஆள் அப்பா. சாம்பவி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், கடிதத்தை மூடினாள்.

“இவ்வளவு பேர் பாத்தவை. ஒருத்தரும் தங்கடை கொம்பியூட்டரிலை எடுத்து வைக்கேல்லையே?” என்று தவரத்தினம் கேட்டார்.

எடுக்கமுடியாதபடி பூட்டுப் போட்டிருந்தது என்று சாம்பவி நினைவூட்டினாள். பூட்டச் சொன்னவரும் அவர்தான். இறக்கி எடுத்தால் வேறு கடையில் கொடுத்துக் கழுவிவிடுவார்கள் என்று பயம்.

கௌரி தொலைபேசியில் அழைத்தாள். பத்து மணிக்கு ஒருதரம், பதினொன்றரைக்கு ஒருதரம். படம் அனுப்பியாயிற்றா என்று கேட்டாள். செய்துகொண்டிருக்கிறேன் என்று தவரத்தினம் இரண்டுமுறையும் பொய் சொன்னார். மூன்றாம்முறை கோசலை எடுத்தாள். காலையிலேயே நாத்தனார் வீட்டுக்குப் போய் நிற்கிறவள். வருகிற ஆட்களெல்லாம் படம் எங்கே என்று கேட்கிறார்கள், படம் வைக்க எடுத்த கதிரையில் குத்துவிளக்கு மட்டும் வைத்திருக்கிறது, கெதியாக வாருங்கள் என்று சத்தமில்லாமல் சொன்னாள்.

அவர் அலமாரியைத் திறந்தார். பழைய படச்சுருள்கள், சீடீக்கள், அல்பங்கள் என்று இருபது வருடச் சரக்கை மேசையில் கொட்டினார். இருவரும் இருந்து தேடினார்கள். வரதராசா எல்லாவற்றிலும் இருந்தார். திரான்சி மண்டபத்தில் ஒரு கலியாணம், பின்னால் கிடாரத்தோடு ஒரு முதுகு. ஒரு பிறந்தநாள், கேக்குக்குப் பக்கத்தில் தட்டு நீட்டும் ஒரு கை. கையில் இருந்த மணிக்கூட்டை வைத்து அது மாமா என்று சாம்பவி கண்டுபிடித்தாள். பத்து வருடத்துக்கு முந்திய துஷாந்தியின் சாமத்தியவீட்டில் முழுக் குடும்பமும் நின்ற ஒரு படம் அகப்பட்டது. தவரத்தினம் தாய்மாமனாகச் சபையில் நின்றதால் அதை வேறு யாரோ எடுத்திருந்தார்கள். வரதராசா நேரே நின்றார். கண்ணை மூடியிருந்தார்.

தவரத்தினம் அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். செத்த மனிதனுக்குக் கண் மூடிய படத்தை எப்படி வைப்பது? அவர் அழுதார். மகள் முன்னால் அவர் அழுததில்லை. சாம்பவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மேசையில் கிடந்த சீடீக்களை உறைகளில் போட்டு அடுக்கினாள்.

இரண்டு மணிக்குக் கார் து நோர் நிலையத்தில் இருந்து ரயில் எடுத்தார்கள். வழியில் ஒன்று பேசி முடிவாயிற்று. முடிவென்று சொல்வதா, தவரத்தினம் சொன்னார், சாம்பவி ஒத்துக்கொள்ளவில்லை என்பதா? கொப்பியை நிற்பாட்டச் சொல்லிக் கேட்டது வரதராசா என்பது கௌரிக்குத் தெரியக்கூடாது என்றார் அவர். கேட்ட மனிதன் போய்விட்டான். தன் முகத்தைத் தானே அழித்துவிட்டுப் போனான் என்று அவள் ஏன் மிச்ச நாளெல்லாம் நினைக்கவேண்டும்? பழி தன் தலையில் இருக்கட்டும் என்றார்.

“உங்கடை தலையிலை மட்டும் நிக்காதப்பா,” என்றாள் சாம்பவி. “நிப்பாட்டின கை என்ரை.”

கார்ஜில் அசென்சர் வேலை செய்யவில்லை. ஏழு மாடியும் படியால் ஏறினார்கள். கதவு திறந்தே இருந்தது. சோபாவை ஓரமாகத் தள்ளி, பெண்கள் நிலத்தில் இருந்தார்கள். நடுக் கதிரையில் கோசலை சொன்னதுபோல விளக்கு மட்டும் எரிந்தது. கௌரி அறைக்குள் கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் துஷாந்தி மடிக்கணினியில் அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தாள். பெயர், பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெற்றோர், உடன்பிறப்புகள் எல்லாம் எழுதியாயிற்று. மேலே படத்துக்கு ஒரு வெற்றுச் சதுரம் விட்டிருந்தாள்.

அண்ணனைக் கண்டதும் கௌரி கையை நீட்டினாள்.

தவரத்தினம் கதவைச் சாத்தினார். “கௌரி, அந்தப் படங்கள் இல்லை.”

“கடையிலை விட்டிட்டு வந்திட்டியளோ?”

“இல்லைப் பிள்ளை. போட்டுது. ஒண்டும் மிஞ்சேல்லை.”

கௌரிக்கு விளங்கவில்லை. துஷாந்திக்கு விளங்கியது. அவள் பிரெஞ்சில் சாம்பவியைக் கேட்கத் தொடங்கினாள். தளம் எப்போது திரும்ப வரும்? வராது. சோவ்கார்ட் இருக்குமே, எந்தத் தளத்துக்கும் இருக்குமே? நிற்பாட்டியிருந்தோம். யார் நிற்பாட்டியது? நான்தான் என்றாள் சாம்பவி. கேள்விகள் சின்னதாக இருந்தன, பதில்கள் அதைவிடச் சின்னதாக இருந்தன.

“பிள்ளையிலை பிழை இல்லை,” என்று தவரத்தினம் இடையில் புகுந்தார். “நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்.”

“ஏன் அண்ணை?” என்றாள் கௌரி.

“மெதுவா இருக்கு, படம் திறக்குதில்லை எண்டு சனம் குறை சொன்னது.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்தான்.”

சாம்பவி பேச வாயெடுத்தாள். தவரத்தினத்தின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிடி வலித்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

துஷாந்தி எப்போதும் மாமனோடு பிரெஞ்சில் பேசுகிறவள். மாமன் தமிழில் கேட்டாலும் பதில் பிரெஞ்சில் வரும். அன்றைக்கு அவள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் கேட்டாள்.

“சனம் கெதியாப் பாக்கிறதுக்காக, என்ரை அப்பாவை அழிச்சுப்போட்டியளோ மாமா?”

தவரத்தினத்திடம் பதில் இருந்தது. ஒரே ஒரு வரியில் அவர் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சாம்பவிக்கு அந்த நேரம் அப்பாவின்மேல் வந்த கோபமும் பாசமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

கௌரி மகளைச் சும்மா இரு என்றாள். பிறகு எழும்பி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைத் திறந்து, வரதராசாவின் வதிவிட அனுமதி அட்டையான பத்து வருடக் காட்டை எடுத்தாள். அதில் ஒரு படம் இருந்தது. சிரிக்கக்கூடாது, தலை ஆடக்கூடாது என்று சொல்லி எடுக்கிற படம். யாரோ பேசப்போகிறார்கள் என்று காத்திருப்பவர்போல வரதராசா அதில் இருந்தார்.

“இதைப் பெருப்பிச்சுத் தாங்கோ. அஞ்சு மணிக்கு முந்திக் குடுக்கவேணும் எல்லே.”

சாம்பவி காட்டை வாங்கினாள். துஷாந்தியின் மேசையில் இருந்த ஸ்கானரில் வைத்து எடுத்தாள். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் புள்ளிபுள்ளியாக உடைந்தது. அரசாங்க முத்திரை ஒன்று கன்னத்தின்மேல் விழுந்திருந்தது. தன்னால் ஆனமட்டும் அதைத் துடைத்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க அனுப்பினாள்.

புறப்படும்போது கௌரி அண்ணனை அறை வாசலில் நிற்பாட்டினாள். அழுகை எல்லாம் முடிந்த குரலில் பேசினாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மோர்க்கிலை முகம் பாக்க விடுவினமாம். கமராவைக் கொண்டு வாங்கோ அண்ணை.”

தவரத்தினம் திடுக்கிட்டார். அப்படிப் படம் வேண்டாம் கௌரி, அது மனதில் நின்றுவிடும் என்றார்.

“எனக்கு இல்லை. ஊரிலை மச்சாளுக்கு அனுப்பவேணும். காலமை முழுக்க நெற் கடையிலை இருந்திட்டு ஒண்டும் பாக்காமல் வீட்டை போயிருக்கிறா. முகம் காட்டு எண்டு அழுதவ. உங்களோடை ஏதோ கதைக்கவேணுமாம், நாளைக்கு எடுக்கிறன் எண்டவ. எனக்கும் ஏதோ சொல்லவேணுமாம்.”

அவர் சரி என்றார். வேறு என்ன சொல்வது? இருபது வருடம் ஓடி ஒளிந்த மனிதனை, நாளைக்கு அவருடைய சம்மதம் இல்லாமலே எடுக்கவேண்டும். எங்கே நின்று எடுப்பது, வெளிச்சம் எப்படி இருக்கும் என்று தொழில்புத்தி உடனே நினைக்கத் தொடங்கியது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

ஏழு மணி ரயிலில் ஆட்கள் குறைவு. சாம்பவி எதிரில் இருந்தாள்.

“அந்த மாமி சொல்லிப்போடுவா, அப்பா. தனக்காகத்தான் தம்பி கேட்டவன் எண்டு. நாங்கள் முந்திச் சொல்லியிருக்கலாம்.”

தவரத்தினத்துக்கும் அது தெரிந்தது. சிவக்கொழுந்தை இப்போதே கூப்பிட்டு, அக்கா, கௌரியிடம் அதைச் சொல்லாதீர்கள் என்று கேட்கலாம். ஏன் என்று அவர் கேட்டால்? உங்களுக்காகத்தான் எல்லாம் போயிற்று என்று எழுபது வயது மனுசிக்குச் சொல்வதா? ஒருத்திக்கு மறைத்தால் மற்றவளுக்குச் சொல்லவேண்டும். தொலைபேசியைக் கையில் எடுத்தார், திரும்பவும் சட்டைப்பையில் வைத்தார்.

சாம்பவியின் தொலைபேசியில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. அவள் படித்துவிட்டுத் தொலைபேசியை மடியில் கவிழ்த்தாள். என்ன என்று அவர் கேட்டார். கம்பனியில் இருந்து, காலையில் கேட்ட நகல் எடுத்தாயிற்றாம், வெற்றிகரமாக முடிந்ததாம் என்றாள்.

“எவ்வளவு நேரம் எடுத்ததாம்?”

“ரெண்டு செக்கன்.”

தவரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வெளிச்சம் வந்ததைச் சாம்பவி கண்டாள். அதைக் காணாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தாள்.

“ஆறு மணித்தியாலம் எடுக்கிறது எல்லே? என்னெண்டு இவ்வளவு கெதியா முடிஞ்சது?”

“உள்ளை ஒண்டும் இல்லையப்பா,” என்றாள் சாம்பவி.